குறுக்கே வந்த நாய்

பீடோர்,
6 அக்டோபர் 2024

அன்புத் தங்கை குமுதாவுக்கு,

பிச்சைமுத்து அண்ணன் எழுதுவது. உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரைக்கும் வந்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு.

போனில் என்னை அடைத்து வைத்துவிட்டாய். உன் மகள் தினேஸ்வரிக்கு அடித்தால், "அங்கிள், உங்ககிட்ட பேசக்கூடாதுன்னு லாயர் சொல்லியிருக்காரு லா" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் மகன் சுரேன் விடமாட்டேன் என்கிறான். அதைப் படமெடுத்து நாளைக்குக் கோர்ட்டில் காட்டுவார்களாம். அதனால்தான் காகிதமும் பேனாவும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்த எழுத்து. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

நேற்று உன் லாயர் தர்மாவின் நோட்டீஸ் வந்தது. ஜூலை ஒன்பதாம் தேதி என் காரில் பயணம் செய்த நீ, என் கவனக்குறைவால் காயப்பட்டாயாம். அதற்கு நானும் என் இன்சூரன்ஸும் பதில் சொல்ல வேண்டுமாம். 'கவனக்குறைவு' என்ற இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு ஈப்போவில் உன்னை ஏற்றும்போது எனக்கு நீ வெறும் பயணிதான். வாடகைக் கார் செயலியில் வந்த ஒரு பெயர். கோப்பெங் வருவதற்குள் கண்ணாடியில் பார்த்து, "நீ வீரம்மா மகதானே?" என்று கேட்டுவிட்டேன். நீயும், "சதாசிவம் மாமா மகனா? ஐயோ, அண்ணே!" என்றாய். முப்பது வருஷம் கழித்து ஒரே தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்த இரண்டு பேர் ஒரு காரில். அந்தச் சந்தோஷம் இருபது நிமிஷம்கூட நிற்கவில்லை. காம்பாருக்கு முன்னால் கார் சாலையோர லோங்காங் கால்வாயில் இறங்கிக் கம்பத்தில் மோதியது.

ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது நான் சொன்னது ஞாபகம் இருக்கும். நாய் ஒன்று குறுக்கே வந்தது, நான் ஸ்டீயரிங்கை ஒடித்தேன், கார் இறங்கியது. நீ தலையாட்டினாய். நான் அப்படித்தான் ரிப்போர்ட் கொடுத்தேன். மூன்றாம் நாள் வார்டுக்கு வந்த போலீஸிடம் நீயும் அப்படியே சொன்னாய். அந்த உதவியை நான் மறக்கவில்லை.

இப்போது அதை மாற்றிவிடாதே. மாற்றினால் வாடகைக்கு ஓட்டும் என் லைசென்ஸ் போய்விடும். கார் லோன் இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது, ஜாமீன் கையெழுத்து சுரேனுடையது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. வேறு எந்தப் பிழைப்புக்குப் போவேன்?

உன் கை சீக்கிரம் சரியாக வேண்டும் என்று கலாதேவி தினமும் சாமி கும்பிடுகிறாள்.

உன் அண்ணன்,
பிச்சைமுத்து

*

புந்தோங், ஈப்போ,
15 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். அதனால் சுருக்கம்.

வலது மணிக்கட்டில் பிளேட் வைத்திருக்கிறார்கள். மூன்று விரல் மடங்கவில்லை. நரம்பு அறுந்திருக்கிறது. இன்னொரு ஆப்பரேஷன் செய்ய வேண்டும், ஒரு வருஷத்துக்குள் செய்தால்தான் பயன் என்கிறார் டாக்டர். அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். தனியாரில் செய்யப் பணம் வேண்டும். அதற்குத்தான் வழக்கு.

லாயர் தர்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாய் வந்துச்சுன்னா யார் மேலயும் தப்பில்ல. தப்பில்லன்னா நஷ்டஈடும் இல்ல."

உங்கள் காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. பயணிக்கும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறீர்கள். நான் செயலியில் கூப்பிட்டு வந்தவள். எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த நாய் ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது.

நாய் வரவில்லை. உங்கள் போன் மணியடித்தது. நீங்கள் குனிந்தீர்கள்.

தலையாட்டும்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? அதை மட்டும் எழுதுங்கள்.

குமுதா

*

பீடோர்,
27 அக்டோபர் 2024

தங்கைக்கு,

உன் கடிதத்தில் கோணல் கோணலாக இருந்த எழுத்தைப் பார்த்துக் கலாதேவி அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. இத்துடன் ஐநூறு வெள்ளி வைத்திருக்கிறேன். கடன் என்றோ நஷ்டஈடு என்றோ நினைக்காதே. தீபாவளிக்கு அண்ணன் கொடுக்கும் பணம். ஒரு சேலை எடுத்துக்கொள்.

நீ கேட்டதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று யோசித்துப் பத்து நாள் ஓடிவிட்டது. தெரிந்து செய்தாயா என்று கேட்கிறாய். அந்த நேரத்தில் யாருக்கு என்ன தெரியும்? நெற்றியில் ரத்தம் வடிய நின்றவனுக்கு வாயில் எது வந்ததோ அதைச் சொன்னேன். ஏன் அது வந்தது என்று நீ கேட்கக்கூடாது. நீயும் அந்த லயத்தில் பிறந்தவள்தானே.

ரப்பர் கன்று ஒடிந்து கிடந்தால் ஆபீஸ் கிராணி நம் எல்லோரையும் காலைப் பெரட்டு வரிசையில் நிறுத்திக் கேட்பாரே, யார் ஒடித்தது என்று. இருபத்தெட்டு வீட்டுக்கும் ஒரே பதில்: "பன்னி வந்துச்சுங்க ஐயா." ரப்பர்ப் பால் வாளி கவிழ்ந்தாலும் பன்றி. ஆபீஸ் கண்ணாடி உடைந்தாலும் பன்றி. உன் அப்பா குடித்துவிட்டு மூன்று வாளிப் பாலைக் கால்வாயில் ஊற்றிய அன்றைக்கும் பன்றிதான். அதைக் கண்ணால் பார்த்தேன் என்று என் அப்பாதான் சொன்னார். அந்தப் பன்றி இல்லை என்றால் உன் அப்பாவைத் தோட்டத்தை விட்டே துரத்தியிருப்பார்கள். நம் ஆளை நாம் வெளியாளிடம் காட்டிக்கொடுத்ததில்லை. அதுதான் என் நாக்கில் ஊறிக் கிடந்திருக்கிறது. உனக்கும் ஊறிப்போயிருக்கும். இல்லை என்றால் ஏன் என்றுகூடக் கேட்காமல் தலையாட்டியிருப்பாயா?

வழக்குப் போடாமல் உன் ஆப்பரேஷனுக்கு ஏதாவது வழி பார்ப்போம். தோட்டத்து ஆட்கள் வாட்ஸ்அப் குழுவில் நூற்றிருபது பேர் இருக்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் ஆகாதா? நான் கேட்கிறேன்.

பிச்சைமுத்து அண்ணன்

*

ஈப்போ,
9 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

ஐநூறு வெள்ளியைத் திருப்பி வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழுவில் கேட்க வேண்டாம். கேட்டால் நான் எல்லோருக்கும் எழுதிவிடுவேன், நாயைப் பற்றி.

பன்றிக் கதையை எனக்குச் சொல்கிறீர்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் பன்றி என்று சொன்னபோது நம் ஆட்கள் யாருக்கும் கை உடையவில்லை. நட்டம் தோட்டத்துக்கு. இப்போது நட்டம் யாருக்கு? நம் ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்கிறீர்களே, நான் யார் ஆள்? என்னை எந்த லயத்தில் சேர்த்தீர்கள்?

இன்னொன்று. போன செவ்வாய்க்கிழமை இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். சீனர், மரியாதையான ஆள், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார். எல்லாம் கேட்டு எழுதிவிட்டு எழுந்தவர் திரும்ப உட்கார்ந்து மலாயில் கேட்டார்: "அந்த நாய் என்ன நிறம்?"

செம்பட்டை நிறம் என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை. "டிரைவர் கறுப்புன்னு சொன்னாரு" என்றார். மழை, சரியாகத் தெரியவில்லை என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். அப்புறம், "டிரைவரை உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?" என்றார். இல்லை என்றேன். "ரெண்டு பேரும் ஒரே எஸ்டேட்னு அவர் சொல்றாரே?"

அவரிடம் எதற்காக அதைப் போய்ச் சொன்னீர்கள்? சந்தோஷத்தில் சொன்னீர்களா?

நான் பொய் சொல்லப் பழகாதவள் இல்லை. துணி சரியில்லை என்று தெரிந்தும் நல்ல துணி என்று கடையில் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தப் பொய்யில் எனக்குக் கிடைத்தது ஒன்றுமே இல்லை. உங்களுக்காக, உடைந்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இல்லாத நாய்க்கு நிறம் பூசிக்கொண்டிருந்தேன்.

போலீஸிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் மட்டும் மாற்றிச் சொன்னால், அன்றைக்குப் பொய்யா, பணத்துக்காக இன்றைக்குப் பொய்யா என்று கேட்பார்களாம்.

நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

குமுதா

*

பீடோர்,
11 ஜனவரி 2025

குமுதா,

புது வருஷம் எனக்கு நன்றாகவே பிறந்திருக்கிறது. இன்சூரன்ஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நீயும் நானும் ஒரே ஊர்க்காரர்கள், முன்பே பேசி வைத்துக்கொண்டு விபத்தை உண்டாக்கினோம் என்று சந்தேகப்படுகிறார்களாம். கார் பழுதுபார்க்கக் கொடுத்த பதினான்காயிரம் வெள்ளியைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களாம். போலீஸில் புகார் கொடுப்பதா இல்லையா என்று யோசிக்கிறார்களாம். விசாரணை முடியும் வரைக்கும் செயலியில் என் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதினொரு நாளாகக் கார் வாசலில் நிற்கிறது. மாதத் தவணைக்கு அது தெரியுமா?

எல்லாம் ஒரு நிறத்தால் வந்தது. கறுப்பு என்று சொல்லியிருக்கக்கூடாதா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்பதற்கு முதலில் என்னைப் போனில் திறந்து வைத்திருக்க வேண்டும்.

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நீ இப்படி இல்லை. அந்த லாயர் உனக்கு லட்சத்தைக் காட்டிவிட்டார். நாட்டில் கை உடைந்தவள் நீ ஒருத்திதானா? எத்தனை பேர் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். நீயோ ஒரே லயத்தில் வளர்ந்தவனைப் போலீஸில் மாட்டிவிட்டு அந்தக் காசில் கையைச் சரிசெய்யப் பார்க்கிறாய். சதாசிவம் மகன் உள்ளே போனால் உனக்கு நிம்மதிதானே?

இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

பிச்சைமுத்து

*

ஈப்போ,
2 பிப்ரவரி 2025

அண்ணன் என்று எழுத மனசு வரவில்லை. பழக்கத்துக்காக எழுதுகிறேன்.

அண்ணனுக்கு,

எழுத்து நேராக இருப்பதைப் பார்த்து வலது கை சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இடது கை பழகிவிட்டது, அவ்வளவுதான்.

நான் என்ன வேலை செய்தேன் என்று காரில் கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வெட்டுகிறவள். தைப்பவள் இல்லை, வெட்டுகிறவள். அளவு எடுத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டு, பன்னிரண்டு மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டுவேன். இருபத்திரண்டு வருஷம். ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும் சமயத்தில் பாதி ஈப்போ பிள்ளைகளுக்கு என் கத்தரிதான். இந்த முறை முதலாளி வேறு ஆள் வைத்துவிட்டார். நான் முன்னால் நின்று பையில் போட்டுக் கொடுக்கிறேன். பாதிச் சம்பளம். அவரையும் குறை சொல்ல முடியாது.

நான் லட்சத்துக்கு ஆசைப்படுகிறேன் என்கிறீர்கள். ஆமாம், ஆசைப்படுகிறேன். என் கைக்கு ஆசைப்படாமல் யாருடைய கைக்கு ஆசைப்படுவேன்?

நீங்கள் குனிந்தபோது நானும் அந்தப் போனைப் பார்த்தேன். அடுத்த ஜோப் வந்திருந்தது. காம்பார் டவுனில் யாரையோ ஏற்ற வேண்டும். ஒன்பது வெள்ளி. எழுத்து பெரிதாகத் தெரிந்தது. அதை அமுக்கத்தான் குனிந்தீர்கள். இத்தனை நாள் அதை எழுதாமல் இருந்தேன். உங்களுக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இப்போது அந்த நினைப்பும் போய்விட்டது.

ஏப்ரல் முதல் வாரம் கோர்ட்டில் தேதி. அதற்குள் உங்கள் வாயால் உண்மை வராவிட்டால் வழக்கை நடத்துவதில் பயனில்லை என்று லாயர் தர்மா சொல்லிவிட்டார். டாக்டர் சொன்ன ஒரு வருஷக் கெடுவும் ஜூலையோடு முடிகிறது. அதற்குப் பிறகு கோர்ட் எவ்வளவு கொடுத்தாலும் இந்த மூன்று விரலுக்கு அது உதவாது.

மார்ச் முடியும் வரைக்கும் காத்திருப்பேன்.

குமுதா

*

பீடோர்,
14 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

ஜனவரியில் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருந்தால் எரித்துவிடு. இல்லை, வைத்துக்கொள். நான் எப்படிப்பட்டவன் என்பதற்குச் சாட்சியாக இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பிய கலாதேவி சாயந்தரம்தான் வந்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது சொன்னாள், உன் வீட்டுக்கு வந்தாளாம்.

"அவளுக்குத் தல பின்னி விட்டுட்டு வந்தேன். மவ வேலைக்குப் போயிட்டா ஒரு ரப்பர் பேண்டு போட முடியல அவளால. முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கா. எங்கிட்ட ஒன்னும் கேக்கல. நானும் ஒன்னும் கேக்கல." அப்புறம் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள், "அன்னிக்கு நெசமாவே நாய் வந்துச்சா?"

முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியவள். எட்டு மாதமாக இதைக் கேட்காமல் இருந்திருக்கிறாள். வரவில்லை என்றேன். அவள் திட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நாய் என்று சொன்னால் உனக்கு நஷ்டஈடு கிடைக்காது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் குமுதா, தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். அந்த நிமிஷத்தில் என் லைசென்ஸ் மட்டும்தான் என் கண்ணில் தெரிந்தது. நீ ஸ்ட்ரெச்சரில் கிடந்தாய், நான் என்னைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேன். பன்றி, லயம், நம் ஆள் என்றெல்லாம் எழுதினேனே, அது பிறகு தேடிக் கண்டுபிடித்த நியாயம்.

இன்றைக்குக் காலையில் காம்பார் போலீஸ் பாலாய்க்குப் போய் இரண்டாவது ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். நாய் வரவில்லை, போனைப் பார்த்தேன், கார் இறங்கிவிட்டது. பயணியிடம் நாய் என்று சொல்லச் சொன்னதும் நான்தான். மலாய்க்காரச் சார்ஜன் நிமிர்ந்து பார்த்து, "பாக்சிக், எட்டு மாசம் எங்க போயிருந்தீங்க?" என்றார். பயம் சார் என்றேன். அதையும் எழுதச் சொன்னேன். அபராதச் சமன் வரும் என்றார், வரட்டும்.

ரிப்போர்ட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். லாயர் தர்மாவிடம் கொடு. இனி நீ பயமில்லாமல் உண்மையைச் சொல்லலாம்.

பிச்சைமுத்து

*

ஈப்போ,
14 மார்ச் 2025

அண்ணனுக்கு,

இதுதான் என் கடைசிக் கடிதம். பதில் எழுத வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை கலாதேவி அண்ணி வந்தார்கள். வாசலில் பார்த்ததும் நீங்கள்தான் அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். கெஞ்ச வந்திருக்கிறார்கள், கதவைச் சாத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். அண்ணி கெஞ்சவில்லை. கையில் ஒரு பை கெம்போங் மீன். உள்ளே வந்து மீனைக் கழுவினார்கள், குழம்பு வைத்தார்கள், கழுவாமல் கிடந்த பாத்திரத்தைக் கழுவினார்கள். அப்புறம் என்னைப் பிடித்து உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார்கள். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். எட்டு மாதமாகக் கத்துவதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அவர்கள் போன பிறகு யோசித்தேன். எனக்கு ஒரு கை போய்விட்டது. இந்த வழக்கு நடந்தால் அந்த வீட்டில் கார் போகும், சுரேன் பெயர் போகும், நீங்கள் உள்ளே போனாலும் போவீர்கள். அண்ணி என்ன தவறு செய்தார்கள்?

இன்றைக்கு இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போனேன். லாயரிடம் சொல்லவில்லை, தினேஸ்வரியிடமும் சொல்லவில்லை. நாய் வந்தது உண்மை, கறுப்பு நாய், மழையில் நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இடது கைக் கையெழுத்து. நஷ்டஈடு கேட்கவில்லை, வழக்கைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதிக் கொடுத்தேன். ஃபைலை மூடிவிடுவோம் என்றார்கள். செயலியில் உங்களைத் திரும்பச் சேர்த்துவிடுவார்கள்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். களைத்துப்போய்விட்டேன்.

குமுதா

*

பீடோர்,
18 மார்ச் 2025

ஐயோ குமுதா,

என்ன காரியம் செய்துவிட்டாய்? உன் கடிதம் இப்போதுதான் வந்தது. என்னுடையது இந்நேரம் உன் கையில் இருக்கும். இரண்டும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

அதே நாளில், ஒருவேளை அதே நேரத்தில், நான் நாய் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீ நாய் இருந்தது என்று சத்தியம் பண்ணியிருக்கிறாய். சுரேன் தலையில் அடித்துக்கொள்கிறான். போலீஸில் கொடுத்ததைக்கூட மாற்றிக்கொள்ளலாமாம், சத்தியப் பிரமாணத்தில் பொய் என்றால் அது தனிக் குற்றமாம், ஜெயில்கூட உண்டாம். என் உண்மை உன்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டது.

நாளைக் காலையில் திரும்பவும் பாலாய்க்குப் போகிறேன். கிழவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, நாய் இருந்தது, முதல் ரிப்போர்ட்தான் சரி என்று சொல்லிவிடுகிறேன். பைத்தியக்காரன் என்று நினைத்தால் நினைக்கட்டும். நீ தப்பித்துவிடுவாய். இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு ஒரு போன் மட்டும் அடி. கெஞ்சிக் கேட்கிறேன்.

பிச்சைமுத்து

(கலாதேவி விடவில்லை. உன்னைக் கேட்காமல் இனி ஒரு எழுத்து மாற்றக்கூடாது என்று என் அடையாளக் கார்டை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். அதனால் காத்திருக்கிறேன். சீக்கிரம் எழுது.)

*

ஈப்போ,
21 மார்ச் 2025

அண்ணே,

போகாதீர்கள். எங்கும் போகாதீர்கள். யாரிடமும் ஒன்றும் சொல்லாதீர்கள். அடையாளக் கார்டு அண்ணியிடமே இருக்கட்டும்.

எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும்.

குமுதா

*

ஈப்போ,
6 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

இரண்டு வாரமாக உங்களைத் தவிக்க விட்டுவிட்டேன். வேண்டும் என்றே கொஞ்சம் தவிக்க விட்டேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

உங்கள் ரிப்போர்ட்டையும் நான் செய்த காரியத்தையும் லாயர் தர்மாவிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் எல்லாவற்றையும் படித்து முடித்தார். அப்புறம், "அம்மா, உங்க ரெண்டு பேரையும் கட்டி மேய்க்க என்னால ஆவாது லா" என்றார். என் முன்னால் இரண்டு வழி இருக்கிறது என்றார். நாய் வந்தது என்று நின்றுவிடலாம். அப்போது நான் தப்பித்துவிடுவேன், கை போனது போனதுதான், உங்களைத்தான் பொய்யர் என்பார்கள். இல்லை என்றால் நான் போய், சத்தியம் பண்ணியது பொய் என்று ஒத்துக்கொள்ளலாம். அப்போது என் மேல் கேஸ் வரலாம், அபராதம் வரலாம், உள்ளேயும் போகலாம். வழக்கைத் திரும்ப எடுக்க முடிந்தாலும் பாதிக்கு மேல் கிடைக்காமல் போகலாம். "எதுவும் நான் சொல்ல மாட்டேன், நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை. அதைப் படித்துக் கோபத்தில் அழுதேன். ஆனால் இத்தனை மாதத்தில் உங்களிடமிருந்து வந்ததில் நான் நம்பிய முதல் வரி அதுதான். உங்களைக் கெட்டவராகக் காட்டும் வரி, அதை எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, இருந்தும் எழுதினீர்கள். நான் யோசித்தேன். உங்களால் முடிந்தது என்னால் ஏன் முடியாது? நான் மட்டும் நல்லவள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்காகப் பொய் சொன்னேன், அண்ணிக்காகப் பொய் சொன்னேன். யாருக்காகவோ சொன்னால் அது பொய் இல்லை என்று நானும்தான் நினைத்திருக்கிறேன்.

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்ததும் வியாழக்கிழமை தினேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு காம்பார் பாலாய்க்குப் போனேன். உங்களிடம் எழுதி வாங்கிய அதே சார்ஜன்தான். எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பி வைத்தார். உங்களுடையது இரண்டு, என்னுடையது இரண்டு, இப்போது எழுதப் போவது ஒன்று.

"மாக்சிக், நாலு காகிதத்துல மூணுல நாய் இருக்கு, ஒன்னுல இல்ல. இப்ப நீங்க அஞ்சாவதா ஒன்னு எழுதச் சொல்றீங்க. நான் எத நம்புறது?" என்றார்.

எனக்கு மலாய் அவ்வளவு சரளமாக வராது. யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன். "எதச் சொன்னா சொல்றவங்களுக்கே நட்டமோ, அத நம்புங்க சார்."

அவர் காகிதங்களை ஓரமாக அடுக்கி வைத்தார். அப்புறம் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார். ஒன்றரை மணி நேரம் சொன்னேன். ஒன்பது வெள்ளியையும் சொன்னேன், அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டதையும், நான் ஏன் என்று கேட்காமல் தலையாட்டியதையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டபோது தினேஸ்வரி என் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

என் மேல் கேஸ் போடுவார்களா என்று இன்னும் தெரியாது. மேலே அனுப்பியிருக்கிறார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் கொதிக்கிறார்களாம். கோர்ட்டில் தேதியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஜூலைக்குள் பணம் வர வாய்ப்பே இல்லை என்று லாயர் தர்மா சொல்லிவிட்டார். அதனால் தினேஸ்வரி கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்த நகையை அடகு வைத்து ஆப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டோம். மே மாதம் பன்னிரண்டாம் தேதி. மூன்று விரலில் இரண்டு விரலாவது வரும் என்கிறார் டாக்டர். இரண்டு வந்தாலும் கத்தரி பிடிப்பேன்.

செயலியில் உங்களை ஒரேயடியாகத் தூக்கிவிட்டார்கள் என்றும், காரைச் சுரேன் பேங்கிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டான் என்றும் அண்ணி போனில் சொன்னார்கள். ஆமாம், அண்ணியோடு பேசுகிறேன். கேட்டு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் போன வருஷம் ஜூலையிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றும் நினைத்தேன். இரண்டையும் சேர்த்தே நினைத்தேன்.

உங்கள் மேல் இருக்கும் கோபம் குறையவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும், அதை வைத்துக்கொண்டே ஒருத்தரோடு ஒருத்தர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தோன்றுகிறது. இனிமேல் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், எனக்கு இடது கையும் வலிக்கிறது. பதினான்காம் தேதி சித்திரைப் பிறப்பு. அண்ணியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

பஸ்ஸில் வாருங்கள்.

குமுதா